22 இப்போது 43: தமிழில் எழுதிய கரிம வேதியியல் தாளுக்கு மறுமதிப்பீடு வாங்கிய அனுபவம்

மூன்றாம் பருவ கரிம வேதியியல் தாளில் எனக்கு 75-க்கு 22 என்று வந்திருந்தது. தேர்ச்சிக்கு 30 வேண்டும். நேற்று முன்தினம் மறுமதிப்பீட்டு முடிவு வந்தது: 43. அரியர் தேர்வுக்கு மூன்றே நாள் இருந்தது. இந்த இரண்டு மாதமும் நான் நிம்மதியாகத் தூங்கவில்லை. தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரித் தேர்வையும் தமிழிலேயே எழுதுகிற தம்பி தங்கைகளுக்கு இந்தப் பாடு வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டியது, விண்ணப்பித்தது எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. நகல் கைக்கு வந்த பிறகுதான் வயிறு எரிந்தது.

பதினோராம் பக்கம். மூவிணைய பியூட்டைல் புரோமைடின் நீராற்பகுப்பு எந்த வழிமுறையில் நடக்கிறது என்ற பத்து மதிப்பெண் கேள்வி. எஸ்என்1 (ஒரு தொகுதி விலகிய பிறகு இன்னொன்று அந்த இடத்தில் சேரும் வழிமுறை) என்று எழுதி, வினைவேகம் புரோமைடின் செறிவை மட்டுமே பொறுத்தது, முதலில் புரோமைடு அயனி விலகிக் கார்போகேஷன் (கார்பனில் நேர்மின் சுமை உள்ள அயனி) உண்டாகிறது, அது தட்டையானது, பிறகு நீர் வந்து சேர்கிறது என்று படம் போட்டு விளக்கியிருந்தேன். "மூவிணைய" என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் ஆங்கிலத்தில் "டிரிபிள் பாண்ட்?" என்று எழுதியிருந்தார்கள். பத்துக்கு 2.

மூவிணைய என்றால் டெர்ஷியரி. புரோமின் ஒட்டியிருக்கும் கார்பனோடு வேறு மூன்று கார்பன்கள் இணைந்திருக்கின்றன என்று பொருள். முப்பிணைப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஓரிணைய, ஈரிணைய, மூவிணைய என்று பள்ளிப் பாடநூலிலேயே படித்த சொற்கள். கீழே வரைந்திருந்த அமைப்பில் மூன்று மெத்தில் தொகுதிகளும் பளிச்சென்று தெரிகின்றன. அதைப் பார்த்திருந்தாலே போதும். அதே பக்கத்தில் "கருக்கவர் பொருள்" என்று வந்த இடங்களிலெல்லாம் அலை அலையாக அடிக்கோடு. எலக்ட்ரான் இரட்டையைக் கொடுத்துப் பிணையும் பொருளை ஆங்கிலத்தில் நியூக்ளியோபைல் என்பார்கள், அதற்குப் பாடநூல் தரும் சொல் அது.

அடுத்தது இதைவிடக் கொடுமை. பத்தொன்பதாம் பக்கத்தில் சிவப்பு மை படவே இல்லை. கேள்வி குளோரோபென்சீன் பற்றியது. குளோரின் தூண்டல் விளைவால், அதாவது பிணைப்பின் வழியாக, பென்சீன் வளையத்திலிருந்து எலக்ட்ரானை இழுக்கிறது, அதனால் பென்சீனைவிட வளையம் மந்தமாகிறது. ஆனால் தன்னிடமுள்ள தனித்த இரட்டை எலக்ட்ரான்களை உடனிசைவு (ரெசொனன்ஸ்) மூலம் வளையத்துக்குக் கொடுப்பதால் புதிதாக வரும் தொகுதி ஆர்த்தோ, பாரா இடங்களுக்கே, அதாவது குளோரினுக்குப் பக்கத்து இடத்துக்கும் நேரெதிர் இடத்துக்குமே, போகிறது. மந்தமாக்குகிற மற்ற தொகுதிகள், உதாரணமாக நைட்ரோ, மெட்டாவுக்கு (ஓர் இடம் தள்ளி) அனுப்பும். ஹாலஜன் மட்டும் இப்படி இரண்டு வேலை பார்ப்பது ஏன் என்பதுதான் கேள்வியே. இரண்டையும் பிரித்து, அம்புக்குறி போட்டு எழுதியிருந்தேன். ஒரு டிக்கும் இல்லை, பூஜ்யமும் இல்லை.

நகலை எடுத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "தமிழ்ல எழுதினா இப்படித்தாம்மா வரும். மறுமதிப்பீட்டுக்குக் கட்டுற காசு வீண். பேசாம அரியரை எழுதிட்டுப் போ" என்றார். தமிழில் எழுதலாம் என்று விதி இருக்கிறதே சார் என்றேன். "அப்ப அனுமதிக் கடிதம் எங்க?" என்றார். அப்படி ஒரு கடிதத்தை யாரும் எனக்குக் கொடுத்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. கடைசித் தேதிக்கு ஆறு நாள்தான் இருந்தது.

வீட்டில் சொன்னேன். அம்மா உளுந்து பறித்த கூலியை முந்தானையிலிருந்து அவிழ்த்து வைத்தார்கள். "கட்டிடு பாப்பா. தப்பா எழுதியிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்ல" என்றார்கள். அப்படியும் சில தப்புகள் இருந்தன, அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் குத்தாலத்திலிருந்து மயிலாடுதுறை வந்து திருவாரூர் பஸ் பிடித்தேன். பேரளம் தாண்டுவதற்குள் நிற்க இடமில்லை. சுற்றிலும் குழந்தை குட்டிகளோடு ஆழித்தேர் பார்க்கப் போகிறவர்கள். தேர் என்று எனக்கும் தெரியும். அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. எங்கள் ஊர் பக்கத்து மாவட்டம், எங்களுக்கு அன்று வேலை நாள். கல்லூரி வாசலில் பூட்டு. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். வீடு வேறு மாவட்டம், கல்லூரி வேறு மாவட்டம் என்றால் உள்ளூர் விடுமுறையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு முழு நாள் போயிற்று.

அதற்கு அடுத்த நாள் அலுவலகத்துக்குப் போகாமல் நேராகத் துறைத் தலைவர் மேடத்திடம் போனேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். மேடம் நகலை முழுதாகப் படித்தார்கள், பத்தொன்பதாம் பக்கத்தை இரண்டு தடவை. தமிழில் எழுதத் தனிக் கடிதம் தேவையில்லை என்ற சுற்றறிக்கையை அலமாரியிலிருந்து எடுத்தார்கள். பிறகு என்னையே உட்காரவைத்து, தாளில் வரும் 14 கலைச்சொற்களைப் பள்ளிப் பாடநூல் பக்க எண்ணோடு ஒரு பட்டியலாக எழுதச் சொல்லிக் கையெழுத்திட்டு விண்ணப்பத்தோடு இணைத்தார்கள். அந்தப் பட்டியலும் சேர்ந்து போகப்போகிறது என்றதும் அலுவலகத்தில் மறுபேச்சு இல்லை.

எழுதும்போது மேடம் சொன்ன ஒரு விஷயம் மனதில் நிற்கிறது. நியூக்ளியோபைல், எலக்ட்ரோபைல் (எலக்ட்ரான் இரட்டையை ஏற்றுப் பிணையும் பொருள்) என்ற சொற்களே 1933-இல் வேதியியலாளர் இங்கோல்டு கொண்டுவந்தவை. அதற்கு முன்பு லாப்வொர்த் அவற்றை வேறு பெயர்களில் அழைத்தார். நாம் கார்போகேஷன் என்பதைப் பழைய புத்தகங்களில் கார்போனியம் அயனி என்று பார்க்கலாம். அந்தப் பெயர்களை 1972-இல் ஓலா ஒழுங்குபடுத்தினார். "ஆங்கிலத்திலேயே சொல் மாறிக்கிட்டுத்தான் இருக்கு. நீ எந்தச் சொல்லை எழுதினாலும் அது எதைக் குறிக்குதுன்னு தாளிலேயே தெரியணும்" என்றார்கள்.

என் தவறுகளுக்கு வருகிறேன். முகப்புப் பக்கத்தில் தேர்வு மொழி என்று சின்னதாக ஒரு கட்டம் இருக்கிறது. அதை நான் நிரப்பவே இல்லை. தாள் யார் கைக்குப் போனது என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று மேடம் சொன்னார்கள். தாளை வாங்கியதும் முதல் வேலையாக அந்தக் கட்டத்தை நிரப்புங்கள்.

இரண்டாவது, ஒரு சிறு வினாவில் நீராற்பகுப்பு என்று வரவேண்டிய இடத்தில் நீரேற்றம் என்று எழுதிவிட்டேன். எத்தீனோடு நீர் சேர்ந்து எத்தனால் ஆவது நீரேற்றம். எஸ்டரை நீர் உடைத்து அமிலமும் ஆல்கஹாலுமாகப் பிரிப்பது நீராற்பகுப்பு. மூன்றாவதாக நீர்நீக்கம் வேறு இருக்கிறது. அவசரத்தில் மூன்றும் குழம்பும்.

மூன்றாவது தவறு தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே காத்திருக்கிறது. பெயரிடும்போது பதிலீட்டுத் தொகுதிகளை அகரவரிசையில் எழுத வேண்டும் அல்லவா? நான் 1-குளோரோ-2-புரோமோ எத்தேன் என்று எழுதியிருந்தேன். தமிழில் ககரம் முதலில், பகரம் பிறகு. ஆனால் ஐயுபிஏசி (வேதிப்பெயர்களை வகுக்கும் உலக அமைப்பு) விதி பார்ப்பது ஆங்கில எழுத்தை. பி முதலில், சி பிறகு. ஆகவே 1-புரோமோ-2-குளோரோ எத்தேன் என்பதே சரி. டை, டிரை போன்ற எண்ணிக்கை முன்னொட்டுகளை வரிசையில் சேர்க்கக் கூடாது. டைமெத்தில் என்று இருந்தாலும் எத்தில்தான் முன்னால் வரும். இந்த மதிப்பெண் மறுமதிப்பீட்டிலும் கிடைக்கவில்லை, கிடைக்கவும் கூடாது.

மறுமதிப்பீட்டில் பதினோராம் பக்கத்துக்கு 8, பத்தொன்பதாம் பக்கத்துக்கு 9 வந்திருக்கிறது. மீதி அங்கங்கே ஒன்றும் இரண்டுமாகக் கூடியிருக்கிறது. இனிமேல் எந்தத் தாளிலும் ஒரு கலைச்சொல்லை முதல் தடவை எழுதும்போது பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சொல்லையும் எழுதிவிடுவேன். தமிழ்ச் சொல்லை விட்டுவிட மாட்டேன். மூவிணைய என்று படித்துத்தான் எனக்கு அந்தக் கார்பனே கண்ணுக்குத் தெரிந்தது.

முக்கியமான இன்னொன்று. மறுமதிப்பீட்டை நம்பி அரியர் கட்டணத்தைக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். அதன் கடைசித் தேதி எனக்கு முடிவு வருவதற்கு மூன்று வாரம் முன்பே முடிந்துவிட்டது. மேடம் சொன்னதால் கட்டியிருந்தேன். ஹால் டிக்கெட்டில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. கட்டணத்தைத் திருப்பித் தரும்படி மனு எழுதி, 43 வந்த பக்கத்தின் நகலையும் இணைத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அன்று எந்த மாவட்டத்திலும் விடுமுறை இல்லை, பார்த்துவிட்டேன்.