அடிவாரத்தைப் பாருங்கள்

நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடு என்றால் எல்லோரும் உச்சியைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது அடிவாரத்தை.

கோடையிலும் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக, கால் வைத்தால் சொதசொதவென்று இருந்தால் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கலாம். கசிவு தெளிவாக வந்தால் சரி, கவனித்துக்கொண்டே இருக்கலாம். கறுப்பாகக் கலங்கி வந்தால் மேட்டின் நுண்துகளையே தண்ணீர் அரித்துக்கொண்டு வருகிறது. அப்போது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அப்புறம் மேலே ஏறி, விளிம்பில் வில் போல வளைந்த வெடிப்பு இருக்கிறதா, சுற்று வாய்க்காலைச் சேறு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வேல்ஸின் அபெர்ஃபான் கிராமம் மனதை விட்டுப் போகவே இல்லை. 1966 அக்டோபர் 21, காலை 9.15. ஏழாம் எண் மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். அந்த மேட்டை ஓர் ஊற்றின் மேலேயே கொட்டியிருந்தார்கள். ஊற்று வரைபடத்திலேயே இருந்தது! 1963லும் அதே மேடு ஒருமுறை சரிந்திருந்தது. இதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

1969இல் இதற்கென்றே சட்டம் வந்தது. ஆனாலும் கைவிடப்பட்ட பழைய மேடுகள் மறந்துபோயின. 2020 பிப்ரவரிப் புயல் மழையில் வேல்ஸிலேயே டைலர்ஸ்டவுன் என்ற ஊரில் சுமார் 60,000 டன் கழிவு ஆற்றுப் பக்கம் சரிந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அதன் பிறகுதான் எல்லா மேடுகளையும் கணக்கெடுத்து, ஆபத்து அதிகமானவற்றை வருடத்துக்கு இரண்டு முறையாவது நேரில் போய்ப் பார்க்கிறார்கள்.