15-ஆம் நூற்றாண்டு வீட்டுக் கடிதங்களைத் தேடிப் போன கதை

லண்டனில் பகுதிநேரமாக வரலாறு முதுகலை படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு 15-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வியாபாரக் குடும்பங்களை எடுத்துக்கொண்டேன். அந்தக் காலத்து அரசர்களைப் பற்றியும் போர்களைப் பற்றியும் படிக்க மலைமலையாக இருக்கிறது. ஆனால் அண்ணன் தம்பிக்கு என்ன எழுதினான், மனைவி கணவனிடம் என்ன வாங்கி வரச் சொன்னாள் என்று தேடினால் கிடைப்பது ரொம்பக் கொஞ்சம். நாட்குறிப்பு என்று ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கடிதத் தொகுப்பு என்று பெயர் சொல்லும்படி பாஸ்டன் (Paston), ஸ்டோனர், செலி, பிளம்ப்டன் குடும்பங்களுடையவை என்று ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும், அதிலும் பிளம்ப்டன் கடிதங்களுக்கு அசல் கிடையாது, 17-ஆம் நூற்றாண்டில் எடுத்து வைத்த நகல்தான் மிச்சம்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லிவிட்டார்: யாருடைய கடிதம் வேண்டும் என்று தேடாதே, அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க யாருக்குக் காரணம் இருந்தது என்று தேடு. இந்த வேலை முழுக்க எனக்குக் கை கொடுத்தது இந்த ஒரு வரிதான்.

பாஸ்டன் குடும்பத்தையே பாருங்கள். கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் நிலத் தகராறுகளிலேயே காலத்தைக் கழித்தவர்கள். 1466-இல் கணவர் இறந்தபின் மார்கரெட் பாஸ்டன் மூத்த மகனுக்கு எழுதுகிறார்: உன் அப்பா கஷ்டகாலத்தில் மற்ற எல்லாப் பொருளையும்விடத் தன் பத்திரங்களைத்தான் பெரிதாக நினைத்தார், அவை போய்விட்டால் உனக்கு மறுபடி கிடைக்காது, ஜாக்கிரதை. அப்படிப் பூட்டி வைத்த பத்திரக் கட்டுகளோடு சேர்ந்துதான் குடும்பக் கடிதங்களும் தப்பின. பாசத்துக்காக யாரும் வைத்திருந்ததாகத் தெரியவில்லை. அப்புறமும் ஆபத்து ஓயவில்லை. 1732-இல் வம்சம் முடிந்ததும் காகிதங்கள் கைமாறிக் கைமாறி ஜான் ஃபென் என்பவரிடம் வந்தன. அவர் 1787-இல் ஒரு பகுதியை அச்சிட்டு, அசலை மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்த அசல் காணாமலே போய் 1889-இல்தான் திரும்பக் கிடைத்தது.

எனக்கு வியாபாரிகள் வேண்டும் என்பதால் செலி கடிதங்களைப் பிடித்துக்கொண்டேன். லண்டனுக்கும், கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்ஸ் கரையில் உள்ள கலே துறைமுகத்துக்கும் இடையே கம்பளி வியாபாரம் செய்த குடும்பம், கடிதங்கள் 1472 முதல் 1488 வரை. இவை தப்பியது வழக்கால். 1489-இல் ஜார்ஜ் செலி இறந்ததும் அவருடைய விதவைக்கும் அண்ணன் ரிச்சர்டுக்கும் கடன் கணக்கில் தகராறு வந்து, கடிதங்கள் சான்சரி என்ற அரச நீதிமன்றத்துக்குச் சான்றாகப் போய் அங்கேயே தங்கிவிட்டன. அண்ணன் தம்பி குடும்பம் ஒற்றுமையாக இருந்திருந்தால் இன்று நமக்கு ஒரு வரிகூடக் கிடைத்திருக்காது.

அவை இருப்பது லண்டனின் க்யூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். நுழைவதில் பெரிய சிரமம் ஒன்றுமில்லை. அடையாளச் சான்று, முகவரிச் சான்று இரண்டும் கொண்டுபோனால் வாசகர் அட்டை இலவசமாகத் தருவார்கள். பையை லாக்கரில் வைத்துவிட வேண்டும், பேனா கூடாது, பென்சில் மட்டும். சொந்தக் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளலாம், அதைத் தயங்காமல் செய்யுங்கள், ஏனென்றால் அங்கே உட்கார்ந்து வாசித்து முடிக்க முடியாது.

வாசிப்புதான் பெரிய மலை. ஒரே ஆள் ஒரே கடிதத்தில் ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதுவார், பாதிச் சொல்லைச் சுருக்கி மேலே ஒரு கோடு போட்டுவிடுவார். நான் செய்தது இதுதான்: முதலில் கடிதத்தின் ஆரம்பத்தில் வரும் வணக்க வரிகளை எடுத்துக்கொண்டேன். அவை எல்லாரிடமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், அதிலிருந்து அந்தக் கையின் எழுத்துகளை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டு உள்ளே போனேன். பதிப்பித்த நூலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டும் பார்த்தேன். தேதி இன்னொரு தலைவலி, குறிப்பாகப் பாஸ்டன் கடிதங்களில்: இன்ன புனிதர் திருநாளுக்கு அடுத்த செவ்வாய் என்று இருக்கும், ஆண்டே இருக்காது.

பட்ட பாட்டுக்குப் பலன் 1482 மே 13 தேதியிட்ட கடிதம். ரிச்சர்டு நார்த்லீச் ஊருக்குக் கம்பளி கட்டப் போன இடத்தில் பெண் பார்த்த கதையைத் தம்பிக்கு எழுதுகிறார். கோவிலில் பார்த்தாராம், பெண் சிறியவள், அழகி, புத்திசாலி. இவர் பெண் வீட்டாருக்குத் திராட்சை மது அனுப்ப, அவர்கள் பதிலுக்கு வாட்டிய நாரைக்குஞ்சு அனுப்பினார்களாம். கடைசியில் அவர் மணந்தது வேறு பெண்ணை. கம்பளி விலைக்கு நடுவே இதைப் படித்தபோது சத்தம் போட்டுச் சிரிக்காமல் இருந்ததே பெரிது.

இதெல்லாம் ஓரளவு வசதியான வீடுகள். அதற்குக் கீழே உள்ளவர்களின் கடிதம் வேண்டும் என்றால் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் குறைவு, மார்கரெட் பாஸ்டனே தன் நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களைச் சொல்லித்தான் எழுத வைத்தார். கிராமத்துப் பண்ணையார்களின் நீதிமன்றப் பதிவுச் சுருள்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் பழையவற்றை 1381 கிளர்ச்சியில் குடியானவர்கள் பல ஊர்களில் கொளுத்திவிட்டார்கள். அடிமைத்தனத்துக்கு ஆதாரமே அந்தச் சுருள்கள்தானே, நானாக இருந்தாலும் கொளுத்தியிருப்பேன்.

அதனால் இதே வழியில் வருபவர்கள் கடிதத்தோடு நிறுத்த வேண்டாம். க்யூ காப்பகத்தின் சி 1 (C 1) வரிசையில் சான்சரிக்கு வந்த மனுக்கள் உள்ளன, பட்டியலில் பெயரையும் ஊரையும் கொடுத்துத் தேடலாம். வக்கீல் நடைதான், இருந்தாலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், சண்டையின் விவரம் வீட்டுக்குள்வரை போகும். ஹூஸ்டன் பல்கலைக்கழகத் தளத்தில் இடைக்கால நீதிமன்ற ஆவணப் படங்கள் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன, போவதற்கு முன் அங்கே பார்த்துவிடுங்கள். உயில்களுக்கு க்யூவிலேயே ப்ராப் 11 (PROB 11) வரிசை, 1384 முதல் இருக்கிறது. அது கொஞ்சம் சொத்துள்ளவர்களுக்கு. சிறிய ஆட்களின் உயில்கள் உள்ளூர்த் திருச்சபை நீதிமன்றங்களுக்குப் போனதால் அவற்றைக் கவுண்டி (மாவட்ட) ஆவணக் காப்பகங்களில்தான் தேட வேண்டும். கட்டில் யாருக்கு, பித்தளைப் பானை யாருக்கு என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். நான் இப்போது அந்தப் பானைகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.