ராணி இறந்த வாரம், டப்ளினில்

2022 செப்டம்பர் 8. ராணி எலிசபெத் இறந்த அன்றிரவே அயர்லாந்துத் தலைநகர் டப்ளினின் டாலா மைதானத்தில் கால்பந்து பார்க்க வந்தவர்களில் ஒரு கூட்டம் அதைப் பாட்டாகப் பாடிக் கொண்டாடியது. வீடியோவைப் பார்த்து எனக்குச் சங்கடமாகிவிட்டது. செத்தவரைப் பழிக்காதே என்று கேட்டு வளர்ந்தவன் நான்.

மறுநாள் அலுவலகத்தில் கார்க் நகரத்து நண்பரிடம் கேட்டேன். "பாட்டு அசிங்கம்தான். அதுக்காக எங்களை அழச் சொல்லாதே" என்றார்.

அப்புறம் அவரே 2011-க்குப் போய்விட்டார். நூறு வருடமாக எந்த பிரிட்டிஷ் அரசரும் வராத டப்ளினுக்கு அந்த ராணி வந்தார்; பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து உயிர்விட்ட ஐரிஷ்காரர்களின் நினைவுத் தோட்டத்தில் தலை குனிந்தார். டப்ளின் கோட்டையில் ஐரிஷ் மொழியில் பேச்சைத் தொடங்கினார். இதைச் சொல்லும்போது நண்பரின் குரலே இளகிவிட்டது. "எங்க ஊர் சந்தையில் மீன்காரரோடு சிரிச்சாரே, அந்தப் பாட்டியைப் பிடிக்கும். கிரீடத்தைத்தான் பிடிக்காது."

ராணி இறந்ததற்காக அயர்லாந்து அரசுக் கட்டடங்களில் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. அதற்கும் சிலர் முணுமுணுத்தார்கள். 19-ஆம் தேதி இறுதிச் சடங்கு கேன்டீன் டிவியில் ஓடியது. யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை, யாரும் அணைக்கவும் இல்லை. நண்பர் டீக் கோப்பையோடு கொஞ்சம் நின்றார். பீரங்கி வண்டியை இழுத்துப்போன கடற்படையினரைப் பார்த்து, "இத்தனை பேரா!" என்றுவிட்டு வேலைக்குத் திரும்பினார்.