நொய்யல் பரமபதமும் என் மச்சானின் பொத்தானும்

சுற்றுச்சூழலைக் காக்கக் கற்றுத்தரும் விளையாட்டு ஒன்றைச் செய்து வரும்படி, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளிடம் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இத்தகைய வேலைகள் உண்மையில் பெற்றோருக்குத் தரப்படுபவை என்பதால், சூலூரில் என் மாமியார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பழைய நாட்காட்டி அட்டையைத் திருப்பிப் போட்டு நூறு கட்டங்கள் கிழித்தவன் நான்தான். அதற்குமேல் என் உதவி தேவைப்படவில்லை.

அவள் வரைந்தது பரமபதம். முதல் கட்டத்தில் நொய்யல் ஆறு பிறக்கும் வெள்ளியங்கிரி மலை, நூறாவது கட்டத்தில் கரூர் மாவட்டத்து நொய்யல் கிராமம். அங்குதான் ஆறு காவிரியோடு கலக்கிறது என்பதால் வைகுண்டம் அங்கே இடம் மாறியிருந்தது. மஞ்சப்பை எடுத்துச் சென்றால் ஒரு சிறிய ஏணி, குளம் தூர்வாரினால் ஒரு பெரிய ஏணி. பாம்புகள்தாம் அதிகம். கோவையின் சாக்கடைக்கு ஒன்று, நெகிழிப் பைக்கு ஒன்று, 63-ஆம் கட்டத்துத் திருப்பூரிலோ, வண்ணப் பென்சில் பெட்டியைக் காலி செய்து தீட்டிய சாயத்தண்ணீர்ப் பாம்பு ஒன்று; அது கடித்தால் நேராகப் பேரூருக்கு இறங்க வேண்டும். அதையும் தாண்டி ஒரத்துப்பாளையம் அணைக்கு வந்தால், தேங்கிய தண்ணீரைப் போல மூன்று ஆட்டம் சும்மா உட்கார வேண்டும்.

இரவு உணவுக்குப் பின் ஆட்டம் தொடங்கியது. மகள் அம்முச்சி என்று அழைக்கும் என் மாமியாருக்குப் புளியங்கொட்டை, எனக்குச் சோழி, திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கும் என் மச்சானுக்கு அவர் சட்டைப்பையில் கிடந்த பனியன் பொத்தான். அவரை மட்டும் 63 நான்கு முறை கடித்தது. நான்காம் முறை அவர் வழக்காடத் தொடங்கிவிட்டார்.

“அம்மிணி, இது பழைய கதை. 2011-ல ஐகோர்ட்டு பட்டறையெல்லாம் மூடச் சொன்னதுக்கப்புறம், சுத்திகரிச்ச தண்ணியத்தான் திருப்பித் திருப்பிச் சாயத்துக்கு எடுத்துக்கறோம். ஒரு சொட்டு வெளிய போறதில்ல. பாம்ப அழிச்சுப்போடு.”

மகள் சற்று யோசித்தாள். பாம்பை அழிக்க மறுத்துவிட்டாலும், 60-ஆம் கட்டத்தில் சுத்திகரிப்பு நிலையம் என்று புதிதாக ஓர் ஏணி வரைந்து தந்தாள். அதில் ஏற இரண்டு ஆட்டம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

“எதுக்கு ரெண்டு ஆட்டம்?”

“செலவு ஆகும்னு நீங்கதான மாமா எப்பவும் சொல்றீங்க?”

சாப்பிடும்போதெல்லாம் மின்கட்டணத்தையும் உப்புக் கழிவையும் பற்றி அவர் புலம்பியதை இவள் இவ்வளவு கவனமாகக் கேட்டிருப்பாள் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. (மின்விசிறியை நிறுத்து என்று நான் சொல்வது மட்டும் ஏனோ அதே காதில் விழுவதில்லை.) மச்சான் அந்த இரண்டு ஆட்டத்தையும் விட்டுக்கொடுக்க மனமின்றி, ஏணியைப் புறக்கணித்து, ஐந்தாம் முறையும் பேரூர் போய்ச் சேர்ந்தார். பதினொரு மணி வரை ஆடியும் ஒருவராலும் காவிரியைத் தொட முடியவில்லை. காய்களை அப்படியே வைத்துவிட்டுப் படுத்தோம்.

விடிந்ததும் மகளின் கூச்சல்தான் எங்களை எழுப்பியது. அட்டையில் புளியங்கொட்டையும் சோழியும் வைத்த இடத்திலேயே இருந்தன. பேரூரில் கிடந்த பொத்தான் மட்டும் திருப்பூரையும் ஒரத்துப்பாளையத்தையும் கடந்து 91-ல் பளபளத்துக்கொண்டிருந்தது. மச்சான் மிகுந்த அக்கறையோடு செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

காப்பியோடு வந்த அம்முச்சி அட்டையைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார்.

“ஏஞ்சாமி, ராத்திரியோட ராத்திரியாத் தொறந்து உட்டுட்டயாக்கும்?”