தொங்கிய என்எஃப்எஸ்ஸும் தாமதமாக வந்து விழுந்த பதிவும்

வட்டில் காலியிடம் காட்டும் டிஎஃப் கட்டளையைத் தட்டி என்டரை அழுத்தினேன். கர்சர் அடுத்த வரிக்கு இறங்கி, அங்கேயே கண்சிமிட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு டெர்மினலைத் திறந்தேன். பழக்க தோஷத்தில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்து அதையும் இழந்தேன். மூன்றாவதைத் திறந்தபோதுதான் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டேன். என்எஃப்எஸ் சர்வர் ஒன்று (வலையமைப்பு வழியே பல கணினிகளுக்குக் கோப்புகளைத் தரும் சேமிப்பகக் கணினி) பேச்சை நிறுத்திவிட்டது என்பது அதற்குள் புரிந்துவிட்டது.

அந்த அளவில் அது எனக்குப் பழகிய தொல்லைதான். எங்களிடம் நான்கு கேவிஎம் ஹோஸ்ட்டுகள் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் நிஜக் கணினிகள்), இரண்டு என்எஃப்எஸ் சர்வர்கள். மெய்நிகர் கணினிகளின் வட்டுகளில் பாதி முதல் சர்வரில், மீதி இரண்டாவதில். தொங்கியது முதலாவது மட்டும். ஆனால் மேலாண்மைத் திரையில் நான்கு ஹோஸ்ட்டுகளும் சிவப்பு. இரண்டாவது சர்வரை நம்பியிருந்த கணினிகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைக் கவனிக்க வேண்டிய எங்கள் நிரல்தான் செத்துக் கிடந்தது. "எல்லாமே போய்விட்டதா சார்?" என்று கேட்ட இளைய சகாவிடம், "கணினிகள் நன்றாக இருக்கின்றன தம்பி, காவல்காரர்தான் மயக்கம் போட்டுவிட்டார்" என்றேன்.

அந்தக் காவல்காரர் நாங்களே பைத்தானில் எழுதியவர். ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும், மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்விர்ட்டுடன் பேசும் ஒரு முகவர் நிரல். சேமிப்பகத்தைத் தொடும் வேலைகள் ஒரு த்ரெட்டில் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை), 10 வினாடிக்கு ஒருமுறை "உயிரோடு இருக்கிறேன்" என்று மையத்துக்குச் சொல்லும் வேலை இன்னொரு த்ரெட்டில். ஒன்று தொங்கினால் மற்றது ஓடும் என்று நம்பிப் பிரித்திருந்தோம். அந்த நம்பிக்கை எங்கே உடைந்தது என்று பார்க்க, ப்ராக் கோப்பகத்தில் ஒவ்வொரு த்ரெட்டின் கர்னல் ஸ்டாக்கையும் (இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் அது எங்கே நிற்கிறது என்ற விவரம்) எடுத்துப் படித்தேன். ஒரு த்ரெட் என்எஃப்எஸ் பதிலுக்காக டி நிலையில், அதாவது சாதாரண சிக்னலால் எழுப்ப முடியாத நிலையில், உறங்கியது. மற்ற அனைத்தும் ஒரே ஒரு பூட்டுக்காகக் காத்திருந்தன. ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்டை மட்டும் ஓடவிடும், பைத்தானின் ஜில் பூட்டு.

பொதுவாக, வட்டைத் தொடுவதற்கு முன் பைத்தான் அந்தப் பூட்டைக் கீழே வைத்துவிடும். ஆனால் பழைய பதிப்புகளில் கோப்பைத் திறக்கும்போதும் படிக்கும்போதும் நடக்கும் கோப்பின் விவரங்களைக் கேட்கும் ஒரு சிறிய எஃப்ஸ்டாட் அழைப்பு மட்டும் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தது. சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் தந்த பைத்தான் 2.7.5இல் நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம். எட்டாத என்எஃப்எஸ் சர்வரால் எல்லா த்ரெட்டுகளும் உறைந்துபோகும் இந்தப் பிழை 2.7.15, 3.6.4 பதிப்புகளில் சரிசெய்யப்பட்டது. அந்தக் குறிப்பைப் படித்தபோது, யாரோ ஒருவர் எனக்கு முன்பே இதே இரவைக் கழித்திருக்கிறார் என்று ஓர் ஆறுதல்.

பதிப்பை உயர்த்தினால் போதும் என்பது சகாவின் வாதம். எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்று ஓர் எஃப்ஸ்டாட். நாளை சி மொழியில் எழுதிய ஏதோ ஒரு நூலகம் பூட்டைப் பிடித்துக்கொண்டே எழுதப் போகும். தவிர, தொங்கிய த்ரெட்டைக் கைவிட வழியே இல்லை. த்ரெட்டுக்கு டைமவுட் வைப்பது என்றால் நாம் காத்திருப்பதை நிறுத்துகிறோம் என்றுதான் பொருள். அது அங்கேயே கிடக்கும். சாதாரணக் கோப்புகளுக்குத் தடையில்லா முறையும் (காத்திருக்காமல் உடனே திரும்பும் முறை) உதவாது. தரவு தயாரா என்று பார்க்கும் 'போல்' (poll) அழைப்பைக் கேட்டால், சர்வர் செத்திருந்தாலும் "தயார்" என்றுதான் பதில் வரும்.

ஆகவே தனிப் புராசஸ், அதாவது தனியே ஓடும் இன்னொரு நிரல். முதல் முயற்சி படு சோம்பேறித்தனமானது: பைத்தானின் மல்டிபுராசஸிங் தரும் ஆயத்தக் குழு, நான்கு வேலையாட்கள். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு முதல் சர்வர் மறுபடி தொங்க, அதற்குப் போன நான்கு வேலைகளும் நான்கு ஆட்களையும் விழுங்கின. நன்றாக இருந்த இரண்டாவது சர்வரின் வேலைகள் வரிசையில் பட்டினி கிடந்தன. முகவரை மறுதொடக்கம் செய்யலாம் என்று போனால், அது தன் பிள்ளைகள் முடிக்கட்டும் என்று காத்திருந்தது. சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி 90 வினாடி பொறுத்து, கொல்லும் சிக்னலை அனுப்பி, மேலும் பொறுத்து, கடைசியில் கையை விரித்தது. பல த்ரெட்டுகள் ஓடும் புராசஸை ஃபோர்க் செய்வதே (நகலெடுத்துப் பிள்ளையை உருவாக்குவதே) தவறு என்பதும் அப்போதுதான் உறைத்தது: அந்த நொடியில் வேறு த்ரெட் பிடித்திருந்த பூட்டுகள் பூட்டியபடியே பிள்ளைக்கு வந்து சேர்கின்றன, திறக்க அங்கே ஆளில்லை.

அதன் பிறகுதான் மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். மெய்நிகர் கணினியின் நினைவகத்தைக் கோப்பில் சேமிக்கும்போது லிப்விர்ட் ஐஓஹெல்பர் என்ற தனி நிரலை ஓடவிட்டு, அதனோடு பைப் (இரு நிரல்களை இணைக்கும் குழாய்) வழியாகப் பேசுகிறது. ஓவிர்ட் என்ற மெய்நிகராக்க மென்பொருளின் ஹோஸ்ட் முகவரான விடிஎஸ்எம் இதற்காகவே ஐஓபுராசஸ் என்று ஒன்றைச் சியில் எழுதி வைத்திருக்கிறது. ஊர் உலகம் அறிந்த வழியை நான் இரண்டு முறை சறுக்கி விழுந்த பிறகு கண்டுபிடித்தேன்.

எங்களுடையதற்கு ஏவலாள் என்று பெயர் வைத்தோம். சில நூறு வரிகளில் ஒரு சி நிரல். ஒவ்வொரு மவுண்டுக்கும் (ஹோஸ்ட்டில் இணைத்த சர்வர் கோப்பகம்) ஓர் ஏவலாள். ஒரு சர்வரின் நோய் அடுத்ததற்குத் தொற்றாது. முகவர் பைப்பில் கட்டளை அனுப்பும், பதிலுக்கு 30 வினாடி காத்திருக்கும். பைப்புக்குப் போல் அழைப்பு உண்மையைச் சொல்லும் என்பதால் இந்த டைமவுட் உண்மையான டைமவுட். பதில் வராவிட்டால் பைப்பை மூடி, அந்த ஏவலாளைக் கைகழுவிவிட்டுப் புதியவரை ஓடவிடும். ஒரு மவுண்டுக்கு மூன்று பேர் வரை கைகழுவலாம். அதற்கு மேல் அந்த மவுண்டுக்கே வேலை கிடையாது. இந்த வரம்பு இல்லாத நாட்களில், சிபியு சும்மா இருக்க, வேலைப்பளுவைக் காட்டும் லோட் ஆவரேஜ் மட்டும் நூற்றைத் தாண்டி ஏறியது. டி நிலையில் தூங்குபவர்களையும் லினக்ஸ் அதில் கணக்கு வைக்கிறது. ஏவலாட்களை முகவரின் சிகுரூப்புக்கு (சிஸ்டம்டி ஒன்றாக நிறுத்தும் புராசஸ் குழு) வெளியே தனி ஸ்கோப்பில் வைத்ததால் மறுதொடக்கச் சிக்கலும் ஒழிந்தது.

கைகழுவுவானேன், கொன்றுவிடலாமே என்று கேட்பார்கள். லினக்ஸ் 2.6.25 முதல் என்எஃப்எஸ் பதிலுக்குக் காத்திருக்கும் புராசஸை, கட்டாயமாகக் கொல்லும் கில் -9 கொண்டு கொல்ல முடியும்தான். ஆனால் எப்போதும் முடியாது. எழுதியதைச் சேமித்துவிடச் சொல்லும் எஃப்சிங் அழைப்பில் இருப்பவர், அழுக்கான பக்கங்கள் (நினைவகத்தில் மாறி, இன்னும் சேமிக்கப்படாதவை) சர்வருக்குப் போய்ச் சேரும்வரை அசையமாட்டார். அதே கோப்பில் எழுத அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர், எங்கள் 3.10 கர்னலில், முன்னவர் பூட்டை விடும்வரை சாகமாட்டார்.

சாஃப்ட் மவுண்ட் என்றால் முடிவில்லாமல் காத்திராமல் பிழை திரும்பி வந்துவிடுமே என்ற யோசனையையும் ஒரு வாரம் அலசினோம். அதே மவுண்டில்தான் மெய்நிகர் கணினிகளின் வட்டுகளும் இருக்கின்றன. சாஃப்ட் டைமவுட் சத்தமில்லாமல் தரவைக் கெடுக்கலாம் என்று என்எஃப்எஸ் கையேடே எச்சரிக்கிறது. பதில் வரும்வரை காத்திருக்கும் ஹார்ட் மவுண்டிலேயே இருந்துவிட்டோம்.

வடிவமைப்பைவிட அலுப்பூட்டியது சல்லடை போடும் வேலை. முகவர் தானே எந்த இடத்திலும் மவுண்டைத் தொடக்கூடாது. நிரல் கர்னலுக்கு விடுக்கும் அழைப்புகளைக் காட்டும் எஸ்டிரேஸை இரண்டு நாள் ஓடவிட்டு, அந்தப் பாதைகளைத் தொடும் ஒவ்வொரு அழைப்பையும் பிடித்தோம். எழுதும் இடங்களை நாங்களே அறிவோம். அறியாதவை: லாக் செய்தி அழகாக இருக்கட்டும் என்று யாரோ போட்ட, முழுப் பாதையைக் கண்டறியும் ரியல்பாத், காலியிடம் பார்க்கும் ஸ்டாட்விஎஃப்எஸ், மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று உறுதிசெய்ய வைத்திருந்த ஸ்டாட். மவுண்ட் இருக்கிறதா என்று பார்க்கப் போய் மவுண்டில் மாட்டிக்கொள்வது! அதைக் கர்னலின் மவுண்ட் பட்டியலைப் படிப்பதாக மாற்றினோம். இன்னொரு கண்ணி, குளோஸ். ரைட் அழைப்பு பெரும்பாலும் நினைவகத்தில் வைத்துவிட்டு உடனே திரும்பிவிடும். கோப்பை மூடும்போதுதான் என்எஃப்எஸ் அனைத்தையும் சர்வருக்குத் தள்ளும். எங்கள் லாக்கில் "எழுதியாயிற்று" என்று பெருமையாக வந்த வரிக்குப் பிறகுதான் நிரல் தொங்கியிருக்கிறது.

இத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த முறை சர்வர் தொங்கியபோது திரையில் ஒரே ஒரு சேமிப்பகம் மட்டும் சிவப்பானது. நான்கு ஹோஸ்ட்டுகளும் பச்சை. தேநீர் குடிக்கப் போனோம். ஏறத்தாழ பத்து நிமிடத்தில் சர்வர் திரும்பி வந்தது. அன்று மாலை ஒரு மெய்நிகர் கணினியை அணைத்து ஏற்றினால், ஏறவில்லை. அதன் வட்டுச் சங்கிலியை விவரிக்கும் மெட்டாடேட்டா கோப்பு, நாங்கள் அழித்துவிட்ட ஸ்னாப்ஷாட் (வட்டின் ஒரு நேரத்து நிலை) ஒன்றைச் சுட்டிக்கொண்டிருந்தது.

நடந்தது இது. சர்வர் பேச்சை நிறுத்தும் தருணத்தில் முதல் ஹோஸ்ட்டின் ஏவலாள் அந்தக் கோப்பை எழுதிக்கொண்டிருந்தார். 30 வினாடியில் முகவர் அவரைக் கைகழுவி, வேலை தோற்றது என்று மையத்துக்குச் சொன்னது. சர்வர் திரும்பியதும் மையம் அதே வேலையை இரண்டாவது ஹோஸ்ட்டிடம் கொடுத்தது. அது ஸ்னாப்ஷாட்டை இணைத்து, புதிய விவரத்தை எழுதி முடித்தது. அதன் பின்னர், முதல் ஹோஸ்ட்டின் கர்னல் பத்திரமாக வைத்திருந்த பழைய பக்கங்களைக் கொண்டுபோய் அதே கோப்பின் மேல் கொட்டியது. தபால் பெட்டியில் போட்ட கடிதம் மாதிரி. போட்டவர் ஊரைவிட்டுப் போனாலும், செத்தே போனாலும், கடிதம் போய்ச் சேரும். புராசஸைத் தனிமைப்படுத்தியது எங்கள் நிரலைத்தான் காப்பாற்றியது. தரவுக்கு அது புதிய ஆபத்தையே கொண்டுவந்தது. முன்பு நிரல் சேர்ந்து தொங்கியதால் யாரும் இரண்டாவது முறை எழுதப் போனதில்லை!

டைமவுட்டுக்கு "தோற்றது" என்று பெயர் சூட்டியதுதான் என் தவறு. "தெரியாது" என்ற மூன்றாவது விடையை நெறிமுறையில் சேர்க்க வேண்டியிருந்தது. பகிர்ந்த சேமிப்பகத்தில் பூட்டு வைக்கும் சான்லாக் போன்றவை இதற்குக் கடுமையான மருந்து வைத்திருக்கின்றன: இயல்பு அமைப்பில் 20 வினாடிக்கு ஒருமுறை குத்தகையைப் புதுப்பிக்க வேண்டும், 80 வினாடி புதுப்பிக்காவிட்டால் அது காலாவதி, தேவைப்பட்டால் வாட்ச்டாக் (கண்காணிப்பு டைமர்) அந்த ஹோஸ்ட்டையே மறுதொடக்கம் செய்துவிடும். கர்னலோடு சேர்ந்து நிலுவைக் கடிதங்களும் அழிந்துபோகும். இரண்டாவது சர்வரின் கணினிகள் நன்றாக ஓடும்போது ஹோஸ்ட்டை வீழ்த்த எங்களுக்கு மனமில்லை.

எனவே ஒரு கோப்பின் மேல் மீண்டும் எழுதுவதையே விட்டோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தலைமுறை எண். ஏவலாள் தன் ஹோஸ்ட் பெயரும் எண்ணும் கொண்ட தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்சிங் செய்து, மூடி, பதில் சொல்வார். அந்தப் பதில் வந்த பிறகே, தனிக் கட்டளையாக, ஒரு கோப்புக்கு இன்னொரு பெயர் தரும் லிங்க் அழைப்பு மூலம் அதற்கு உரிய தலைமுறைப் பெயரைச் சூட்டுவோம். அந்தப் பெயர் ஏற்கனவே இருந்தால் லிங்க் தோற்கும். பெயர் மாற்றும் ரீநேம் போல, இருப்பதன் மேலே ஏறி அமராது. படிப்பவர் மிகப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வார். தாமதமாக வரும் பக்கங்கள் யாரும் படிக்காத தற்காலிகக் கோப்பில் விழும். தாமதமாக வரும் லிங்க், இடம் பிடிக்கப்பட்டிருப்பதைக் கண்டு திரும்பிப் போகும். லிங்க் பிழை சொன்னாலும் நம்பக்கூடாது. பதில் தொலைந்து கோரிக்கை மறுபடி போயிருக்கலாம். தற்காலிகக் கோப்பின் இணைப்பு எண்ணிக்கை (அதற்கு எத்தனை பெயர்கள் என்பது) 2 ஆகியிருந்தால், பிழையைப் பொருட்படுத்தாமல் வெற்றி என்று கொள்கிறோம்.

சோதனைக்கு லினக்ஸின் வலையமைப்புத் தடுப்பான ஐபிடேபிள்ஸில், என்எஃப்எஸ் பயன்படுத்தும் 2049 போர்ட்டை மறித்தோம். ரிஜெக்ட் போட்டால் மறுப்புச் செய்தி திரும்பி வரும். நிஜத்தில் வருவது மௌனம் என்பதால், எதுவும் சொல்லாமல் விழுங்கும் டிராப். எழுதும் நடுவில் மறித்து, வேறு ஹோஸ்ட்டிலிருந்து எழுதி, பிறகு திறந்துவிடும் சோதனையை இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் இரவு முழுக்க ஓடவிடுகிறோம்.

போன மழைக்காலத்தில் ஒரு ஸ்விட்ச் பழுதாகி நிஜமாகவே அது நடந்தது. மறுநாள் காலை முதல் சர்வரில், 1187 என்ற எண்ணோடு, முதல் ஹோஸ்ட்டின் பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பு கிடந்தது. இணைப்பு எண்ணிக்கை 1. இரண்டாவது ஹோஸ்ட் சூட்டிய 1187 பக்கத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் நடுவே நேர வித்தியாசம் 7 நிமிடம். துப்புரவு ஸ்கிரிப்ட் அதை அழிப்பதற்கு முன் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.