ஏழு முனை நட்சத்திரம் ஒருவழியாக விழுந்தது

ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் அலெக்சாண்டரின் பென்னி என்ற பழைய வெள்ளிக் காசை நகலெடுக்க அச்சு செய்யும் வேலை இத்தனை நாளாக ஒரே ஒரு பஞ்ச்சில் (அச்சில் உருவத்தைப் பதிக்கும் எஃகு முளை) முட்டிக்கொண்டு நின்றது. நேற்று ஈயத் தகட்டில் அடித்துப் பார்த்தேன், ஏழு முனையும் சீராக விழுந்திருக்கின்றன!

தலைப்பக்கம் முன்பே தயார். அதே காலத்து இங்கிலாந்து பென்னியில் மன்னர் முதலாம் எட்வர்டு நேராக நம்மைப் பார்ப்பார். அலெக்சாண்டரோ இடப்பக்கம் திரும்பியிருப்பார், முன்னால் செங்கோல். தொல்லையெல்லாம் பூப்பக்கத்தில்தான். 1280 வாக்கில் வந்த இரண்டாம் வரிசையில் காசு அடித்த அக்கசாலை ஊரின் பெயர் கிடையாது, 'ரெக்ஸ் ஸ்கோடோரம்' (ஸ்காட்டுகளின் மன்னர்) மட்டும்தான். நீண்ட சிலுவையின் இடைவெளிகளில் உள்ள நான்கு நட்சத்திரங்களின் முனைகளைக் கூட்டினால் ஊர் தெரியும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 24 என்றால் பெர்விக். நான் எடுத்துக்கொண்டது 26: இரண்டு ஆறு முனை, இரண்டு ஏழு முனை.

ஆறு முனை சுலபம். பள்ளத்துக்கு நேர் எதிரே பள்ளம் வரும்; முக்கோண ஊசி அரத்தைக் கண் மட்டத்திலேயே ஓட்டிவிடலாம். ஏழில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் எதிரே முனைதான் வரும், கண்ணுக்குப் பிடிமானமே இல்லை. மூன்று மில்லிமீட்டர் கம்பி நுனியில் 51 டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாக எப்படிப் பிரிப்பது? கடைசி முனை எப்போதும் குண்டாகிவிடும். சைக்கிளின் 28 பல் சக்கரத்தில் கம்பியை இறுக்கி, நான்கு பல்லுக்கு ஒரு பள்ளம் என்று அராவிய பிறகுதான் வழிக்கு வந்தது. இதற்காக டிவைடிங் ஹெட் (வட்டத்தைச் சம பாகமாகப் பிரிக்கும் கருவி) வாங்கச் சொன்னவர்கள் கவனிக்கவும்.

கம்பி விஷயத்தில் ஒரு புலம்பல். 'டூல் ஸ்டீல்' என்று இணையத்தில் வாங்கிய கட்டு, சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்ச்சல் போட்டும் வெண்ணெய் மாதிரி அராவுகிறது. பழைய டிரில் பிட்டின் தண்டே மேல் என்று தோன்றுகிறது.

எழுத்துகள் இன்னும் பாக்கி. அந்தக் காலத்து அச்சுக்காரர்கள் போலவே பிறை, ஆப்பு, கோடு என்று சில பஞ்ச்களைச் சேர்த்தே கண்ணாடி பிம்பமாக அடிக்க வேண்டும். அதற்குள் மனம் அரைப் பென்னிக்குத் தாவிவிட்டது. பென்னியை இரண்டாக வெட்டிச் செலவழித்த ஊரில் வட்டமாகவே அரைப் பென்னி வந்தது இந்த வரிசையில்தான். அப்புறம் 92.5 வெள்ளியில் பென்னி அடிக்க 1.4 கிராம் வெற்று வில்லைகள் வெட்ட வேண்டும். எல்லாவற்றிலும் 'நகல்' முத்திரை உண்டு, யாரும் அசல் என்று விற்றுவிடக் கூடாது.