மூன்றேகாலால் பெருக்கு

2025 ஜூலை 3, வியாழன்

சிங்கப்பூர் வெள்ளியின் ரேட் மூன்றேகால் ரிங்கிட்டுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.

ஜூலை 7, திங்கள்

சிங்கப்பூர் போக அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்தாச்சு. அறுபது தாண்டியவர்களுக்கு 100 ரிங்கிட்தான், எனக்கு 200. வயசானதில் இந்த ஒரு லாபமாவது கிடைத்ததே என்று அம்மாவுக்குச் சிரிப்பு. கைரேகையில்தான் இழுத்தது. வலது கட்டைவிரலை மெஷின் ஏற்கவே இல்லை. கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் ஈரத்துணியால் விரலைத் துடைத்துவிட்டு, "தேக்கான், மக்சிக், தேக்கான்" (அழுத்துங்க, ஆன்ட்டி, அழுத்துங்க) என்று தன் கையையும் மேலே வைத்து அழுத்திப் பார்த்தாள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய விரலில் ரேகை எங்கே மிச்சம்? கடைசியில் வேறு விரலை எடுத்துக்கொண்டார்கள். ஜொகூரில் எங்கள் ஊர் ரெங்கம் வந்து சேரும்வரை எனக்கு ஒரே யோசனை. சிங்கப்பூர் எல்லையில், உட்லண்ட்ஸில் என்ன செய்வார்கள்?

ஜூலை 9, புதன்

லிட்டில் இந்தியாவில் ஒரு ராத்திரிக்கு அறை வாடகையைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். அதை மூன்றேகாலால் பெருக்கினால் அண்ணனின் மோட்டார் தவணை வந்து நிற்கிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம், ஸ்கூடாயில் சின்னம்மா வீடு இருக்கிறது. முதல் நாள் அங்கே படுத்து, விடியக்காலையில் பாலம் தாண்டி, ராத்திரியே திரும்பிவிடலாம். நம் ஆட்கள் பாதிப் பேர் அப்படித்தான் சிங்கப்பூர் பார்க்கிறார்கள்.

அண்ணன் பஸ்ஸில் போகச் சொல்கிறான். பஸ் மலிவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் பக்கம் ஒரு தடவை இறங்கி ஏறணும், அந்தப் பக்கம் ஒரு தடவை இறங்கி ஏறணும், நடுவில் வரிசை. அம்மாவின் முட்டிக்கு ஆகாது. ஜொகூர் பாருவில் ஜேபி சென்ட்ரலிலிருந்து ரயில் ஏறினால் 5 நிமிஷம், 5 ரிங்கிட். திரும்பும்போது அதே தண்டவாளம், அதே 5 நிமிஷம், 5 சிங்கப்பூர் வெள்ளி. வீட்டுக்கு வரத்தான் மூன்று மடங்குக்கு மேல்! சனி ஞாயிறுக்கு டிக்கெட் சட்டென்று தீர்ந்துவிடும். அதனால் 22, செவ்வாய். லீவும் கேட்டாச்சு.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கலாம், படுக்கையில் பிடிக்கலாம், அம்மாவின் காலில் மட்டும் பிடிக்க மாட்டேன் என்றேன். அண்ணன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் அந்தக் காலைப் பார்த்து எத்தனை நாளாச்சு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

29ஐப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. காலண்டரில் அம்மாவே வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

ஜூலை 14, திங்கள்

அம்மாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எது சொன்னாலும் மூன்றேகாலால் பெருக்கிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. "கோப்பி ஒன்னரை வெள்ளியா? நம்ம காசுக்கு அஞ்சுக்குக் கிட்ட வருது. அதுக்கு நான் இங்கேயே குடிச்சிட்டு வந்திடுவேன்."

அங்கே வயசானவர்களுக்கு எம்.ஆர்.டி. ரயிலில் கட்டணம் குறைவு, ஆனால் அது அந்த ஊர் ஆட்களுக்குத்தான். பாலம் தாண்டியதும் அம்மாவுக்கு வயசே ஆகவில்லை என்று அர்த்தம். பேங்க் கார்டைத் தட்டியே ஏறலாம், வெளிநாட்டுக் கார்டுக்குத் தட்டும் நாளில் 60 காசு கூடப் பிடிப்பார்கள். ஒரே நாளுக்குத் தனியாகக் கார்டு வாங்குவதைவிட அது பரவாயில்லை. கடையில் மெஷின் ரிங்கிட்டா டாலரா என்று கேட்டால் டாலரைத்தான் தட்டணும். ரிங்கிட்டைத் தொட்டால் அவன் வைத்ததுதான் ரேட். ஏசி போட்ட சாப்பாட்டுக் கடையில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் திரும்பிவிடணும்: சேவைக்கு 10 சதவீதம், அதன்மேல் வரி 9 சதவீதம். லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா மாதிரி அங்காடிக் கடைகளில் அந்தத் தொல்லை இல்லை.

ஜூலை 16, புதன்

மழை. ரேட் அப்படியே. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

சிங்கப்பூர் வருகை அட்டை நிரப்பியாச்சு. போகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பணும், காசே கிடையாது. தேடினால் முதலில் வந்து நிற்பது என்னவோ அரசாங்கப் பக்கம் மாதிரியே ஒன்று, கடைசித் தாளில் கார்டு நம்பர் கேட்கிறது. பக்கத்து வீட்டு அக்கா போன தடவை கட்டியே விட்டாராம். நான் குடிநுழைவு இலாகாவின் சொந்தப் பக்கத்தில் போட்டேன்.

ஜூலை 21, திங்கள்

ஸ்கூடாய். சின்னம்மா சமையல்கட்டில் அம்மா புளிச்சோறு கிளறிக்கொண்டிருக்கிறாள். நாளைக்குத்தானே போகிறோம், நாடு விட்டு ஓடவில்லையே என்றால் கேட்கணுமே.

ஜூலை 23, புதன்

நேற்று எழுத முடியவில்லை. படுக்கும்போது ஒரு மணிக்கு மேலே.

உட்லண்ட்ஸில் கட்டைவிரலைக் கேட்கவே இல்லை, முகத்தைப் படம் பிடித்துவிட்டு விட்டுவிட்டார்கள். இதற்கா இத்தனை நாள் தூக்கம் கெட்டேன்!

170 பஸ் பிடித்து நேராகப் பொட்டானிக் கார்டன். ஆர்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட், மற்றதெல்லாம் சும்மா. 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம், வாசலில் ஒரு காசு கேட்கவில்லை என்று அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை, இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். புல்தரையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம்.

உள்ளே ஒரு பால்மரம். அம்மாவுக்கு விவரம் சொன்னேன். பிரேசில் விதையை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, 1877இல் கன்றுகளை இங்கே கொண்டுவந்தார்கள். 1888இல் ரிட்லி என்று ஒரு வெள்ளைக்காரர் இந்தத் தோட்டத்துக்குப் பொறுப்பாக வந்தார். மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெலிசாகச் சீவிச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். பாக்கெட்டில் விதையைப் போட்டுக்கொண்டு தோட்ட முதலாளிகளிடம் "நடுங்கள், நடுங்கள்" என்று அலைந்ததால் பைத்தியக்கார ரிட்லி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அம்மா பதில் சொல்லவில்லை. மரத்துக்கிட்டே போய்ப் பட்டையைத் தடவிப் பார்த்தாள். வெட்டே படாத மரம். இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாக, தொட்டும் தொடாமலும் நகத்தால் ஒரு கோடு இழுத்தாள். கோடு முடிந்த இடத்துக்குக் கீழே, பால் பிடிக்கிற மங்கு மாட்டுகிற உயரத்தில், இரண்டு விரலை வைத்துக் காட்டினாள்.

"ஆழமாப் போனா காயம் ஆயிடும். அப்புறம் பட்டை முடிச்சு முடிச்சா வளரும். தோட்டத்துக் கிராணி வந்து பார்த்தா அன்னைக்குச் சம்பளத்துல புடிப்பாரு." பிறகு, "அந்த ஆளு சொன்ன வேலையைத்தான் நான் செஞ்சேனா? அவருக்குத் தெரியுமா எத்தனை மணிக்கு எழுந்திரிக்கணும்னு?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுத்தேன். (அங்கே குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், புட்டியில் பிடித்துக்கொண்டே போனோம்.)

தேக்காவில் ஒரு பிரியாணியை இரண்டு பேரும் பிரித்துச் சாப்பிட்டோம். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கும் போனோம், 1827இல் முதலில் கட்டியது. அங்கே மட்டும் அம்மா பெருக்கவில்லை. உண்டியலில் போட்டது எவ்வளவு என்று என்னிடம் சொல்லவும் இல்லை.

சாயங்காலம் பேஃபிரண்டில் இறங்கி, கார்டன்ஸ் பை த பே தோட்டத்து இரும்பு மரங்களுக்கு அடியில் உட்கார்ந்தோம். 7.45க்குப் பாட்டோடு விளக்கு. மேலே நடைபாலத்துக்குத்தான் காசு, கீழே தரையில் படுத்துக்கொண்டு ஊரே பார்க்கிறது. முடிந்ததும் எழுந்தேன், ரயிலுக்கு டிக்கெட் கையில் இருந்தது.

"இன்னொரு ஆட்டம் இருக்காமே?"

"8.45க்கு. அதுவரைக்கும் இருந்தா ரயில் போயிடும்மா. ரெண்டு டிக்கெட், பத்து வெள்ளி."

இந்தத் தடவையும் பெருக்குவாள் என்று நினைத்தேன். "போகட்டும்" என்றாள். கைப்பையைத் தலைக்கு வைத்துக் காலை நீட்டிப் படுத்தே விட்டாள்.

அப்புறம் என்ன, குவீன் ஸ்திரீட்டிலிருந்து பஸ். நான் எதை வேண்டாம் என்றேனோ அதே இறங்கி ஏறுகிற வேலை, அதே வரிசை, அதுவும் ராத்திரியில். ஒரு வார்த்தை முனகவில்லை. இன்றைக்குக் கால் பானை மாதிரி வீங்கியிருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

அண்ணன் வந்து காலைப் பார்த்தான். என்னைத் திட்டினான். அம்மா அவனைத் திட்டினாள்.

ஜூலை 26, சனி

ரேட் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இப்போது!

அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், "எல்லாம் சும்மாதாங்க, கோப்பிக்கு மட்டும் காசு." பத்து வெள்ளி டிக்கெட் பற்றிப் பேச்சே இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

வீக்கம் வடிந்துவிட்டது. சாப்பாடு பாதிதான். நானும் அதட்டிப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் ஒன்றும் சாப்பிடக் கூடாது, தண்ணீரும் கூடாது. அடையாளக் கார்டு, பழைய ரிப்போர்ட், சாரோங் இரண்டு, சீப்பு. அண்ணன் நாலரைக்கு வண்டி எடுத்து வருகிறான். நாளைக்கும் கைரேகை கேட்பார்களோ என்று அம்மா இப்போதுதான்…